பயிற்சியில் பங்கேற்பு: குர்ட் லெவின் ஆய்வுகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பயிற்சி வகுப்புகளிலும் இணையவழிக் கருத்தரங்குகளிலும் பங்கேற்பு என்பது கேட்போரின் கவனத்தைத் தக்கவைக்கும் உத்தியாகவே பெரிதும் கருதப்படுகிறது. அக்கருத்து வளர்ந்த வரலாறோ வேறொன்றை உணர்த்துகிறது. செருமனியிலிருந்து 1933-இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த உளவியலறிஞர் குர்ட் லெவின் (1890–1947) தொடர்புடைய இரு நிகழ்வுகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

சொற்பொழிவும் குழு முடிவும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்க இல்லங்களில் விரும்பப்படாத மாட்டிதயம், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளை உணவில் சேர்க்கச் செய்யும் முயற்சி நடைபெற்றது. இதன்பொருட்டு லெவின் குழுவினர், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்களாக இருந்த பெண்களின் ஆறு குழுக்களைத் தேர்ந்தனர். மூன்று குழுக்கள் அவற்றின் சத்து, சிக்கனம், சமைக்கும் முறை பற்றிய சொற்பொழிவைக் கேட்டன. ஏனைய மூன்றில், தம்மைப் போன்ற இல்லத்தரசியர் எதிர்கொள்ளும் தடைகளைப் பெண்களே விவாதித்தனர். சமையற்குறிப்புகள் அதன்பின்னரே வழங்கப்பட்டன. இறுதியில், வரும் வாரத்தில் சமைத்துப் பார்க்க விரும்புவோர் கைதூக்கினர். இரு முறைகளுக்கும் 45 நிமிடங்களே கிடைத்தன. பின்னர் விசாரித்தபோது, முன்பு சமைத்திராத உறுப்பொன்றைச் சமைத்தோர் சொற்பொழிவுக் குழுக்களில் 3 விழுக்காடு, விவாதக் குழுக்களில் 32 விழுக்காடு எனத் தெரியவந்தது.

இவ்வேறுபாட்டிற்கு விவாதமே காரணம் எனக் கொள்வது இயல்பு. ஆயின், 1955-இல் எடித் பென்னட் வெளியிட்ட ஆய்வு இதனைப் பிரித்துப் பார்த்தது. விவாதம் மட்டும் சொற்பொழிவினும் மிகுந்த பயன் தரவில்லை. முடிவெடுத்தலும், குழுவினர் பலரும் அம்முடிவில் உடன்படுகின்றனர் என்ற உணர்வுமே செயலைத் தூண்டின என்பது அவர் கண்ட முடிவாகும்.

நியூ பிரிட்டன் பயிலரங்கு

1946-ஆம் ஆண்டுக் கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இனநல்லுறவு வளர்ப்போருக்கான பயிலரங்கை லெவின் குழுவினர் நடத்தினர். பகலில் பயிற்சி, மாலையில், பங்கேற்றோரின் நடத்தை பற்றி உற்றுநோக்குநர்கள் தமக்குள் கூடி ஆய்ந்தனர். அக்கூட்டத்தில் அமர விரும்பிய பங்கேற்பாளர் சிலரை லெவின் அனுமதித்தார். தம் நடத்தைக்கு உற்றுநோக்குநர் கூறிய விளக்கத்தை ஒரு பெண் மறுத்துரைத்தார். விவாதம் சூடுபிடித்தது, அடுத்தடுத்த மாலைகளில் பங்கேற்பாளர் பலரும் திரண்டு வந்தனர். 1947-இல் மெய்ன் மாநிலத்தின் பெத்தேலில் தொடங்கிய குழுப் பயிற்சிமுறைக்கு இதுவே வித்திட்டது. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே லெவின் மறைந்தமையால் அதனை அவர் காணவில்லை.

முடிவுரை

முதல் நிகழ்வில் பங்கேற்பாளர் பெற்றது முடிவெடுக்கும் உரிமை. இரண்டாவதில் தம்மைப் பற்றிய விளக்கத்தை மறுக்கும் உரிமை. இன்றைய இணையவழிக் கருத்தரங்குகளின் வாக்கெடுப்பும் உரையாடற்பெட்டியும் பங்கேற்பாளரின் விடைகளைப் பெறுகின்றன. அவ்விடைகளால் நிகழ்வின் போக்கு சிறிதும் மாறாதெனின், பங்கேற்பாளர் கேட்போராகவே எஞ்சுவர். எனவே, பயிற்றுநர் தம் அதிகாரத்தில் எதனைப் பகிர்ந்தளிக்கிறார் என்பதே பங்கேற்பின் அளவுகோல் எனலாம்.