எண் இல்லையெனில் மருத்துவம் இல்லையா?

2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் வழங்கும் 14 இலக்க 'ஆபா' சுகாதார எண் சட்டப்படி கட்டாயமன்று. ஆயினும் புறநோயாளிச் சீட்டுக்கே அவ்வெண்ணைக் கேட்டால், விருப்பம் என்பது பெயரளவில்தான் எஞ்சும்.

ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லே அதைப் பெறும் பொதுவழி. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்திற்கு அகற்றப்பட்ட குடும்பங்களில் தலித்துகள் மிகுதி. வீட்டோடு கைபேசி எண்ணும் மாறியவர்களுக்கு அவ்வழி எளிதில் திறவாது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 6ஆம் பிரிவில், ஒப்புதல் நிபந்தனையற்றதாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் கோரிக்கையைத் தமிழில் பெறவும் வழி செய்கிறது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்க மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே, எண் இல்லாதவருக்கும் சிகிச்சை உண்டு என்பதைச் சீட்டு வழங்குமிடத்தில் தமிழில் எழுதி வைப்பதே அரசின் முதற்கடமை.