இசைப்பான் திறக்க மறுத்தால் அழிப்பது பரிகாரமாகாது

கணினியில் ஒரு மென்பொருள் திடீரென இயங்க மறுத்தால், அதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதே பரிகாரம் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. அதுவும் பலனளிக்காதபோது இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவத் துணிபவர்களும் உளர். லினக்ஸைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது. சில வேளைகளில் பேரிழப்பையும் ஏற்படுத்தவல்லது. உபுண்டு பாவனையாளர்கள் நன்கறிந்த ரிதம்பொக்ஸ் என்னும் இசைப்பானை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

லினக்ஸில் ஒரு மென்பொருளின் பகுதிகள் இரு வேறு இடங்களில் வைக்கப்படுகின்றன. செயலி, கணினியின் பொதுப் பகுதியில் இருக்கும். பாவனையாளரின் தெரிவுகளும் சேகரிப்பு விபரங்களும் அவரது சொந்தக் கோப்புறையினுள் மறைந்திருக்கும். மென்பொருளை நீக்கும்போது வழமையாக முன்னையது மாத்திரமே நீங்குகின்றது, பின்னையது தீண்டப்படுவதில்லை. ஆகவே, கோளாறு பின்னையதில் இருப்பின் நூறு முறை மீள நிறுவினாலும் பயன் விளையாது.

எனவே, கோளாறு எங்குள்ளது என்பதையே முதலில் அறிதல் வேண்டும். முன்னர் திறந்த ரிதம்பொக்ஸ், திரையில் தோன்றாமல் பின்னணியில் உறைந்து கிடக்கக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு பிரதி மாத்திரமே இயங்கும் வகையில் அது அமைந்துள்ளதால், மறுபடி சொடுக்குவதால் புதியது திறக்காது. இயங்கும் செயலிகளின் பட்டியலில் அதனைத் தேடி நிறுத்துதல் வேண்டும். வன்தட்டில் இடம் எஞ்சியுள்ளதா என்பதையும் பார்த்தல் நன்று.

அடுத்து, புதிய பாவனையாளர் கணக்கொன்றை உருவாக்கி அதில் திறந்து பார்க்கலாம். அங்கு இயங்கினால் செயலியில் குறையில்லை. எமது சொந்தக் கோப்புறையிலேயே குறை உள்ளது எனக் கொள்ளலாம்.

பின்னர், டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தில் செயலியின் பெயரைத் தட்டச்சு செய்து இயக்குதல் வேண்டும். படவுருவைச் சொடுக்கும்போது வெளிவராத பிழைச்செய்தி இங்கு வரிவரியாகத் தோன்றும். தேவையான நூலகக் கோப்பு இல்லை என்று வந்தால், அப்போதுதான் மீள நிறுவுதல் பொருத்தமானது. நீட்சி ஒன்றின் பெயர் தோன்றினால், நீட்சிகளை முடக்கித் திறந்து பார்க்கலாம். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், முன்னொரு தடவை எவரேனும் நிர்வாகி அதிகாரத்துடன் செயலியை இயக்கியதால் கோப்புகளின் உரிமை கைமாறியிருக்கக்கூடும். அவ்வுரிமையைப் பாவனையாளருக்கே மீள அளிப்பதுதான் பரிகாரம்; மீண்டும் நிர்வாகியாக இயக்குவது சிக்கலை மேலும் வளர்க்கும்.

எஞ்சுவது தரவுக்கோப்பு. பாடல்களின் பட்டியல், அவற்றுக்கு நாம் அளித்த மதிப்பீடு, எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு ஆகியவற்றை ரிதம்பொக்ஸ் ஒரு கோப்பிலும், நாம் தொகுத்த பாடல் வரிசைகளை இன்னொரு கோப்பிலும் சேமிக்கின்றது. கோப்பு முகாமையாளரில் கொன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் மறைந்துள்ள கோப்புறைகள் தென்படும். அவற்றுள் 'லோக்கல்' என்பதனுள் 'ஷெயார்' என்பதைத் திறந்தால் ரிதம்பொக்ஸின் கோப்புறையைக் காணலாம். அதனை அழித்துவிடாது, பெயரை மாத்திரம் மாற்றிவிட்டுச் செயலியைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்தால் பழைய தரவிலேயே பழுது உள்ளதென்பது தெளிவாகும். செயலியை மூடிவிட்டு, பாடல் வரிசைகளைக் கொண்ட கோப்பினைப் பழைய கோப்புறையிலிருந்து புதியதற்குப் பிரதி செய்யலாம். பாடல்கள் வேறிடத்தில் இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

கீர்த்தனைகளையும் கஸீதாக்களையும் பழைய திரையிசைப் பாடல்களையும் பல்லாண்டுகளாகச் சேர்த்து, பெயரிட்டு, வரிசைப்படுத்திய உழைப்பு, பதற்றத்தில் ஒரு நிமிடத்தில் அழிந்துவிடலாம். பிழைச்செய்தியை வாசிப்பதற்கோ சில நிமிடங்களே போதும். முதலில் வாசியுங்கள், பின்னர் பெயரை மாற்றுங்கள், அழிப்பதை இறுதிவரை ஒத்திவையுங்கள் என்பதே எமது வேண்டுகோளாகும்.