தோட்டம் யார் பெயரில்?

பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் தழைத்த காலத்தில், அங்கு உழைத்த தமிழர் இருவகை முதலாளிகளை அறிந்திருந்தனர். ஒருவகையினர் இலண்டன் கம்பெனியார். பங்குதாரர் கடலுக்கு அப்பால் இருந்தனர். நிருவாகத்தை ஏஜென்சி நிறுவனங்கள் நடத்தின. தோட்டத்தை ஆண்ட துரையும் சம்பளம் பெற்றவரே. மற்றொரு வகையினர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். அவர்தம் தொழில் குடும்பத்தாரின் அல்லது சில பங்காளிகளின் விலாசத்தில் நடந்தது. அதிகாரப் பத்திரம் பெற்ற மேலாள் இங்கிருந்து கொடுக்கல் வாங்கலைக் கவனித்தார். இவ்விரண்டிற்கும் சட்டத்தில் ஓர் உருவம் இருந்தது. தொழிலாளிக்கோ பிரட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றே இருந்தது.

மலாயா விடுதலை பெற்ற 1957ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். வேலையும் லயத்து வீடும் பிணைந்திருந்தமையால், வேலை போனவர் வீட்டையும் இழந்தார். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

தொழிலாளரே ஒன்றுகூடித் தோட்டத்தை வாங்குவதாயின் எந்த உருவில் வாங்குவது? பங்காளி வாணிகமாயின் 20 பேருக்கு மேல் சேர இயலாது. கடன் முற்றினால் ஒவ்வொருவரின் சொந்த உடைமையும் அதற்கு ஈடாகும். கம்பெனியாயின் பொறுப்பு பங்குத் தொகையோடு நின்றுவிடும். ஆயினும் அங்கே வாக்கு ஆளுக்கன்று, பங்குக்கே உரியது. முடை வந்தபோது ஏழை தன் பங்கை விற்பான், பணமுடையவன் சேர்த்துக்கொள்வான். கூட்டுறவுச் சங்கத்திலோ பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. இம்முறை தோட்டத்தாருக்குப் புதியதுமன்று. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இலேயே வந்தது. 1930களில் தோட்டங்களில் சிக்கனக் கடன் சங்கங்கள் இயங்கின.

1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அவர் தோட்டந்தோறும் சென்று உறுப்பினரைத் திரட்டினார். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் துண்டாடப்படாமல் நின்றது. பின்னர் வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

இதனோடு மற்றொரு முயற்சியை ஒப்பிடுதல் தகும். 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் கம்பெனி உருவை மேற்கொண்டது. ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினர். 10 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. எதிர்பார்த்த ஆதாயம் கிட்டவில்லை. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தர வேறொரு நிறுவனம் முன்வந்தது.

இதனால் கூட்டுறவு என்னும் பெயரே காப்பாகும் என்று முடிவு கட்டலாகாது. 1986இல் மலேசியாவில் வைப்புத்தொகை பெற்ற 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. ஒரு வாக்கு இருந்தும் பொதுக்கூட்டத்துக்குச் செல்லாதவனுக்கும் கணக்கைக் கேளாதவனுக்கும் அவ்வாக்கு பயன்படாது.

இன்று பத்தாங் காலியில் மளிகைக் கடையோ தையற்கடையோ திறப்பவருக்கு வழிகள் பல. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் பெயரில் வணிகத்தைப் பதியலாம். கடனும் அவர் தலைமேலேயே விழும். 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி தனியொருவரே கம்பெனி அமைக்கலாம். ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்யும் கடமை உடன்வரும். பதிவுக் கட்டணம் எங்கே குறைவு என்பதையே பலர் முதலில் பார்க்கின்றனர். நட்டம் யாரைச் சேரும், முடிவு செய்வோர் யார், பங்கை யாருக்கு விற்கலாம் என்னும் மூன்றையே முதலில் கேட்டல் வேண்டும். நில நிதிச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்வெட்டுத் தொழிலாளியின் நிலம் நிலைத்ததற்கு, அம்மூன்றுக்கும் தக்க விடை முன்னரே எழுதப்பட்டிருந்தமை ஒரு பெருங்காரணம்.