கதைப் புத்தகம் படிச்சா இங்கிலீஷ் வருமா?

ஓபியில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் 1980களின் தொடக்கத்திலேயே ஃபிஜித் தீவில் கிடைத்துவிட்டதுங்க.

அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஃபிஜியன் அல்லது இந்தி. ஆங்கிலம் பள்ளியில் மட்டும்தான். அதுவும் ஆசிரியர் சொல்லும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வேண்டும்.

வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள், நாங்கள் மருந்தைச் சோதிப்பது போலவே இதைச் சோதித்தார்கள்.

👉 சில பள்ளிகளுக்கு 250 ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமாக மௌனமாகப் படித்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியரோடு சேர்ந்து படித்தார்கள்.

👉 மற்ற பள்ளிகளுக்குப் பழைய ஒப்பித்தல் பாடமே.

எட்டு மாதத்தில், கதை படித்தவர்களின் வாசிப்புத் திறன் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் எழுத்து, இலக்கணத்திலும் அவர்களே முன்னிலை. 1983இல் முடிவு வெளியானது.

நானும் தமிழ் மீடியம்தான். எம்பிபிஎஸ் முதலாண்டில் அனாடமி புத்தகத்தை டிக்‌ஷனரியோடு படித்து அழுதிருக்கிறேன். பத்து வயதில் நாலு கதைப் புத்தகம் கிடைத்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உங்கள் பிள்ளைக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள். படித்து முடித்ததும் கேள்வி மட்டும் கேட்காதீர்கள் 🙏