பீத்தோவனின் செவித்திறன் இழப்பு

லுட்விக் வான் பீத்தோவன் (1770–1827) ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து, வியன்னாவில் வாழ்ந்த இசையமைப்பாளர். இருபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய செவித்திறன் இழப்பு அவருக்குப் படிப்படியாக முற்றியது. அதன் தொடக்க அறிகுறிகளை அவரே எழுதிவைத்துள்ளார்.

1801 ஜூன் 29 அன்று, மருத்துவரும் இளமைக்கால நண்பருமான ஃபிரான்ஸ் வெகெலருக்கு அவர் எழுதிய கடிதம் முக்கியமான ஆவணம். மூன்று ஆண்டுகளாகக் கேட்கும் திறன் குறைந்து வருவதாக அதில் குறிப்பிடுகிறார். இரவும் பகலும் காதில் இரைச்சல். நாடக அரங்கில் இசைக்குழுவை ஒட்டி அமர்ந்தால்தான் நடிகர் பேசுவது புரிகிறது. தொலைவில் இருந்தால் கருவிகளின், பாடகர்களின் உயர்ந்த சுரங்கள் கேட்பதில்லை. மெல்லப் பேசினால் ஒலி கேட்கிறது, சொற்கள் புரிவதில்லை. யாராவது கத்தினாலோ தாங்க முடியவில்லை.

காது கேளாமை என்றால் முழு நிசப்தம் என்றே பலர் எண்ணுகின்றனர். உட்காது பாதிக்கப்படும்போது பெரும்பாலும் உயர்சுருதி ஒலிகளே முதலில் மறையும். ச, ஸ, ஷ போன்ற மெய்யொலிகள் உயர் அதிர்வெண் கொண்டவை. அவை நழுவி உயிரொலிகள் மட்டும் காதில் விழுவதால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கேட்கத்தக்க ஒலிக்கும் பொறுக்கமுடியாத ஒலிக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கிவிடும். செவித்திறன் குறைந்த முதியவரிடம் கத்திப் பேசுவது பலன் தராததற்கும் இது ஒரு காரணம்.

உடனிருந்தோர் அவரது நிலையைக் கவனக்குறைவு என்றே கருதினர். தனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல மனமின்றி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் கூட்டங்களைத் தவிர்த்தார். வேறு தொழிலாக இருந்தால் சமாளித்திருக்கலாம் என்றும் எழுதினார். செய்தியை யாரிடமும் சொல்ல வேண்டாம் என வெகெலரைக் கேட்டுக்கொண்டார். மருத்துவர்கள் பாதாம் எண்ணெய், குளியல் எனப் பலவற்றைச் செய்துபார்த்தும் பயனில்லை.

பின்னர் மெல்செல் என்பவர் செய்த காதுக்குழல்களைப் பயன்படுத்தினார். 1818 முதல், வந்தவர்கள் தாம் சொல்ல வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். அவர் பெரும்பாலும் வாயால் பதிலளித்தார். அக்குறிப்பேடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. இறந்த பின் நடந்த பிணப்பரிசோதனையில் செவி நரம்புகள் சுருங்கியிருந்தது தெரிந்தது. நோயின் மூலகாரணம் பற்றி இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

1802 அக்டோபரில், ஹைலிகென்ஸ்டாட் என்ற ஊரில் தங்கியிருந்தபோது, தன் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொலைவில் ஒலித்த குழலைப் பக்கத்தில் நின்றவர் கேட்க, தன்னால் கேட்க முடியாமற்போன அவமானத்தையும், உயிரை விட எண்ணியதையும், கலையே தடுத்ததையும் அதில் சொல்கிறார். அக்கடிதத்தை அவர் அனுப்பவில்லை. 1827-இல் அவர் மறைந்த பிறகு அது அவருடைய தாள்களிடையே கிடைத்தது.