கோல்ஃபாக்ஸிலிருந்து சிகாகோவுக்கு

அமெரிக்காவில் ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் ஒரு வரியில் விடை கிடைப்பதில்லை. எந்த மாநிலம், எவ்வகைத் துப்பாக்கி, வீட்டிலா வெளியிலா, முன்பு தண்டனை பெற்றதுண்டா என்று எதிர்க்கேள்விகளே வரும். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச்சீட்டு எதுவுமின்றி இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு நடமாடலாம். அதே மனிதர் அடுத்த மாநிலத்தின் எல்லைக்குள் கால்வைத்ததும் குற்றவாளி ஆகிவிடக்கூடும். நமக்கு இது சற்றுக் குழப்பமாகத்தான் இருக்கிறது. நம் அரசியலமைப்பில் ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் ஐந்தாவது இனம். அத்துடன் பேச்சு முடிந்தது. அங்கோ மத்திய அரசின் சட்டம் ஓர் அடுக்கு, மாநிலச் சட்டம் இன்னோர் அடுக்கு. இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதில் விழுந்தவர்கள் யார் என்பதை லூசியானாவில் உள்ள ஒரு சிற்றூரின் கதையைக் கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஒரே வாக்கியம்தான். குடிப்படையின் தேவையையும், மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அது ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறது. அவ்விரண்டுக்கும் என்ன உறவு என்பதில் நடந்த சண்டையை எல்லோரும் அறிவர். அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிதாகப் பிறந்த மத்திய அரசைக் கண்டு அஞ்சியவர்கள், அதன் கையைக் கட்டுவதற்காகக் கேட்டுப் பெற்றவையே முதற்பத்துத் திருத்தங்கள். மாநிலங்களை அவை கட்டுப்படுத்தா என்று உச்சநீதிமன்றம் 1833இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே தென்மாநிலங்கள் கறுப்பின மக்களின் கையில் துப்பாக்கி இருக்கலாகாது என்று விரும்பியபடி சட்டம் இயற்றின. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன விபரீதம் விளையும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர்கள் ஆயுதம் ஏந்தித் திரியும் உரிமை பெற்றுவிடுவார்கள் என்பதும் அப்பட்டியலில் ஒன்று.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்றவர்கள் உள்ளூர் அதிகாரிகளின் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ, வெடிமருந்தோ, பெருங்கத்தியோ வைத்திருக்கக்கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. இத்தகைய சட்டங்களுக்கு மறுமொழியாகவே 1868இல் பதினான்காம் திருத்தம் வந்தது. எந்த மாநிலமும் அமெரிக்கக் குடிமக்களின் உரிமைகளைச் சுருக்கக்கூடாது என்றது அது. இடைவெளி அடைபட்டுவிட்டது என்றே அன்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை கோல்ஃபாக்ஸில் உடைந்தது. 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றது யார் என்பதில் லூசியானா முழுவதும் தகராறு. கிராண்ட் பாரிஷ் என்னும் பகுதியின் நீதிமன்றக் கட்டடத்தைக் குடியரசுக் கட்சியினர் கைப்பற்றினர். அதைக் காக்க அக்கம்பக்கத்துக் கறுப்பின உழவர்கள் திரண்டு, சுற்றிலும் பள்ளம் தோண்டிக் காவலிருந்தார்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. வெள்ளையர் கூட்டம் ஒரு சிறு பீரங்கியுடன் வந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்து வெளியே வந்தவர்களையும் சுட்டார்கள். பிடித்து வைத்திருந்தவர்களை இரவில் கொன்றார்கள். இறந்த கறுப்பர்கள் அறுபதுக்குக் குறையாது, நூற்றைம்பது வரை இருக்கலாம் என்பர். வெள்ளையரில் மாண்டவர் மூவர்.

மாநில அரசு கொலைக்குற்றம் சாட்டித் தண்டிக்கும் நிலையில் இல்லை. ஆகவே மத்திய அரசின் வழக்கறிஞர்கள் 1870ஆம் ஆண்டு அமலாக்கச் சட்டத்தைக் கையில் எடுத்தனர். குடிமக்களின் கூடும் உரிமையையும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் பறிக்கச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. 97 பேர் மீது குற்றம் சாட்டியதில் விசாரணைக்கு நின்றவர்கள் ஒன்பது பேர், தண்டனை பெற்றவர்கள் மூவர். அவர்களுள் ஒருவரான குரூக்‌ஷாங்கின் பெயரால் வழங்கும் வழக்கில், 1876இல் உச்சநீதிமன்றம் அந்த மூவரையும் விடுவித்தது. இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே தடுக்கிறது. பதினான்காம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் தடுக்கும், தனிமனிதரை அன்று. சக குடிமக்களால் ஆபத்து என்றால் மாநில அரசிடம்தான் முறையிட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே லூசியானாவில் மத்தியப் படைகளின் காவல் நின்று, மாநில ஆட்சி யாருக்கு அஞ்சினார்களோ அவர்கள் கைக்கே போயிற்று. முறையிடு என்று நீதிமன்றம் காட்டிய வாசல் அதுதான். சட்ட நூலின் சொற்களை மட்டும் படிப்பவர் இதில் பிழை காண்பது அரிது. நமக்கோ அந்த மொழியின் அமைதியே அச்சமூட்டுகிறது.

அதன்பின் நெடுங்காலம் துப்பாக்கி பெரும்பாலும் மாநிலங்களின் விவகாரமாகவே இருந்தது. 1911இல் நியூயார்க் சல்லிவன் சட்டத்தின் வழியே கைத்துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. மத்திய அரசுக்குப் பொதுவான காவல் அதிகாரம் இல்லாமையால் அது பக்கவாசல் வழியாகவே நுழைய வேண்டியிருந்தது. 1934இல் இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் குறுக்கிய ஷாட்கன்னுக்கும் 200 டாலர் வரி விதித்தது, வரி வாசல். கென்னடி கொலையாளி தன் ரைஃபிளை அஞ்சலில் வரவழைத்தவன். 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி விற்பதைத் தடுத்ததும், வணிகர்க்கு உரிமத்தைக் கண்டிப்பாக்கியதும், கடுங்குற்றத் தண்டனை பெற்றவர்கள் வைத்திருக்கலாகாது என்றதும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற வாசல் வழியே. 1993ஆம் ஆண்டு பிரேடி சட்டம் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சொன்னது. அந்த வேலையை உள்ளூர் ஷெரீஃப்கள் மீது சுமத்த மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று 1997இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. மறு ஆண்டு எஃப்.பி.ஐ.யே அச்சோதனையை ஏற்றது. இச்சோதனையும் உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கினால்தான். தனியாள் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றால் மத்தியச் சட்டம் கேட்பதில்லை. சில மாநிலங்கள் இந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன, பல அடைக்கவில்லை.

உரிமம் கொடுப்பதா மறுப்பதா என்பது அதிகாரியின் விருப்பம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1956இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டபின் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர் மார்ட்டின் லூதர் கிங். வடக்கும் மேற்கும் இதில் தூய்மையானவை அல்ல. 1967இல் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள்; குண்டடைத்த துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்தக்கூடாது என்ற சட்டத்தில் அவ்வாண்டே கையொப்பமிட்டவர் ஆளுநர் ரீகன்.

2008இல் ஹெல்லர் வழக்கில், இரண்டாம் திருத்தம் தனிமனிதரின் உரிமையே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது தலைநகர் வாஷிங்டனைப் பற்றிய வழக்கு. வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராதது. எனவே 1876இன் கேள்வி தொடப்படாமலே நின்றது. அதைத் தொட வைத்தவர் சிகாகோவின் ஓட்டிஸ் மெக்டொனால்ட், எழுபது வயது கடந்த ஓய்வுபெற்ற கறுப்பினத் தொழிலாளி. வீட்டில் பலமுறை திருட்டு நடந்திருந்தது. கைத்துப்பாக்கி ஒன்று வேண்டும் என்றார். 1982 முதல் புதிய கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்வதையே நகரம் நிறுத்தியிருந்தது. அவர் பிறந்தது லூசியானாவில், குத்தகை உழவர் குடும்பத்தில். 2010இல் அவர் வென்றார், இங்கும் ஐந்துக்கு நான்கு. உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றாயிற்று. நீதிபதி தாமஸ் தம் தனித்தீர்ப்பில் கோல்ஃபாக்ஸ் படுகொலையைச் சுட்டிக்காட்டி, குரூக்‌ஷாங்க் தீர்ப்பை மதிக்க வேண்டியதில்லை என்று எழுதினார்.

இதைப் படித்து நாம் மகிழ்ந்தோம், ஆனால் முழுதாக அன்று. எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரேயர், துப்பாக்கியால் நேரும் சாவுகளின் கணக்கை முன்வைத்து, அதை எடைபோட வேண்டியவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே அன்றி நீதிபதிகள் அல்லர் என்றார். சிகாகோவில் குண்டுக்கு இரையாகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். கோல்ஃபாக்ஸின் நினைவை ஒரு தரப்பு மட்டும் தன் வாதத்துக்குச் சொந்தமாக்கிக்கொள்வதை நாம் ஏற்கவில்லை.

2022இல் நியூயார்க்கின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியக் கூறொன்றைத் தள்ளிய உச்சநீதிமன்றம், இனி எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்திருக்க வேண்டும் என்றது. அன்றுமுதல் மாநில வழக்கறிஞர்கள் பழைய சட்ட ஏடுகளைப் புரட்டத் தொடங்கினர். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடங்களுக்குள் உரிமையாளரின் சம்மதமின்றித் துப்பாக்கி கொண்டுசெல்லலாகாது என்ற ஹவாய்ச் சட்டத்தை 2024 செப்டம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. வழக்கு பின்னர் உச்சநீதிமன்றம் வரை சென்றது. மரபுக்குச் சான்றாக மேல்முறையீட்டு நீதிமன்றம் காட்டிய பழஞ்சட்டங்களில் ஒன்று, உரிமையாளரின் சம்மதமின்றி எவரும் தோட்டங்களுக்குள் துப்பாக்கியுடன் நுழையலாகாது என்பது. விடுதலை பெற்ற கறுப்பர்களை ஒடுக்கச் செய்த சட்டங்களோடு சேர்த்து அதை இயற்றிய மாநிலம் லூசியானா, ஆண்டு 1865.