பெயர் பல, பொருள் ஒன்று



ஒரு வகுப்பில் மூன்று லெட்சுமிகள் இருந்தால், பெயரை மட்டும் சொல்லி அழைத்துப் பயனில்லை. அதுபோலவே, ஒருவருக்கே வீட்டில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் என்று இருப்பதும் உண்டு. அப்போது நாம் அடையாளக் கார்டு எண்ணைப் பார்க்கிறோம். எண் ஆளைக் காட்டிவிடுகிறது. இதே சங்கடம் இரசாயனப் பொருள்களுக்கும் நேர்ந்தது. அதற்கு அறிஞர்கள் கண்ட வழியைத்தான் இன்று நாம் அறிந்துகொள்ளப் போகிறோம்.

ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்தை நாம் அறிவோம். 'அசிட்' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதன் பெயர் பார்மிக் அமிலம். 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்ற ஆங்கில அறிஞர், எறும்புகளைக் காய்ச்சி வடித்துக் கிடைத்த புளிப்பு நீரைப் பற்றி எழுதினார். இலத்தீன் மொழியில் எறும்புக்குப் 'பார்மிகா' என்று பெயர். அதிலிருந்தே அமிலத்துக்கும் பெயர் வந்தது. பிற்காலத்தில் வந்த முறைப்படி அதே பொருளுக்கு மெத்தனோயிக் அமிலம் என்று மற்றொரு பெயரும் சேர்ந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் பலமுறை முயன்றார்கள். 1787இல் பிரான்சு நாட்டில் லவோசியரும் அவருடைய நண்பர்களும் பெயரிடும் முறை ஒன்றை வகுத்தார்கள். ஆயினும் தொல்லை தீரவில்லை. 1861இல் ஜெர்மானிய அறிஞர் கெக்கூலே தம் நூலில், காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்துக்கு அந்நாளில் வழங்கிய 19 விதமான வாய்பாடுகளைப் பட்டியல் போட்டுக் காட்டினார். 1892இல் ஜெனீவா நகரில் ஒரு மாநாடு கூடிப் புதிய விதிகளை வகுத்தது. விதிகள் நல்லவைதாம். ஆனால் விதிப்படி அமைந்த பெயர்கள் சில சமயம் ஒரு வரி நீளத்துக்கும் மேல் போயின.

1907ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனச் சங்கம், உலகில் வெளிவரும் இரசாயனக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு பொருள்கள் பெருகின. ஒரு பொருள் முன்பே பதிவாகியுள்ளதா, இல்லை புதியதா என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடாயிற்று. அதற்குக் கணினி கைகொடுத்தது. ஒரு பொருளில் எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்பதை அட்டவணையாக்கிக் கணினியிடம் கொடுத்தார்கள். பழைய பொருளானால் பழைய எண். புதிய பொருளானால் அடுத்த எண். 1965இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலுள்ள அமைப்பு நடத்தி வருகிறது. அதன் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதைச் சி.ஏ.எஸ். எண் என்பார்கள். இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இதில் பதிவாகியுள்ளன.

நம் கார்டு எண்ணில் பிறந்த தேதியும் பிறந்த இடமும் அடங்கியிருக்கின்றன. சி.ஏ.எஸ். எண்ணில் அப்படி எந்தச் செய்தியும் இல்லை. அது வெறும் வரிசை எண். ஆனால் அதற்குள்ளே ஒரு காவலாளி இருக்கிறார். பார்மிக் அமிலத்தின் எண் 64-18-6. கடைசியில் நிற்கும் 6தான் அந்தக் காவலாளி. மற்ற இலக்கங்களை வலப்பக்கமிருந்து எடுத்து, 8ஐ ஒன்றாலும், 1ஐ இரண்டாலும், 4ஐ மூன்றாலும், 6ஐ நான்காலும் பெருக்கிக் கூட்டுங்கள். 8, 2, 12, 24; ஆக மொத்தம் 46. அதன் கடைசி இலக்கம் 6. கணக்குச் சரி. யாரேனும் கைதவறி 64-81-6 என்று எழுதினால் கூட்டுத்தொகை 53 ஆகும். கடைசி இலக்கம் 3 என்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். வீட்டில் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நாங்கள் பணியாற்றிய ஒரு தோட்டத்தில், மருந்தடிக்கும் அம்மாள் ஒருவர் தண்ணீர் போத்தல் என்று எண்ணி வேறொரு போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மருந்து?" என்று கேட்டார். "புல் மருந்துங்க" என்பதற்கு மேல் அவர் கணவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போத்தலில் லேபிள் இல்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஸ்டோருக்குத் திரும்பி, டின்னில் இருந்ததை எழுதிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் வீணாய்ப் போன அந்த நேரத்தை நாங்கள் மறக்கவில்லை.

மருந்துக்கு மருந்து சிகிச்சை வேறுபடும். சில வகைப் பூச்சி மருந்துகளின் விஷத்துக்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். பாராகுவாட் விஷத்துக்கோ மாற்று மருந்தே கிடையாது. அவசியமின்றிப் பிராணவாயு கொடுத்தால்கூட நுரையீரல் மேலும் கெடும். அந்தப் பாராகுவாட் பல வியாபாரப் பெயர்களில் விற்கப்பட்டது. களைக்கொல்லியில் சேர்க்கப்பட்ட அதன் உப்பாகிய பாராகுவாட் டைகுளோரைடுக்கு எண் ஒன்றே: 1910-42-5. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாராகுவாட் தடை செய்யப்பட்டுள்ளது.

ஒன்றை மறவாதீர்கள். எண் இருப்பதால் ஒரு பொருள் நல்லது என்றோ கெட்டது என்றோ ஆகிவிடாது. நாம் குடிக்கும் தண்ணீருக்கும் 7732-18-5 என்ற எண் உண்டு. எண் ஆளைக் காட்டும், குணத்தைச் சொல்லாது. குணத்தை அறிய, மருந்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளைப் படிக்க வேண்டும். அதன் மூன்றாம் பகுதியில் பொருளின் பெயரோடு இந்த எண்ணும் இருக்கும்.

ஆகவே, மருந்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றாதீர்கள். லேபிளைக் கிழிக்காதீர்கள். வேலைக்குக் கொடுக்கும் மருந்தின் பெயரையும் எண்ணையும் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆபத்து நேரத்தில் வாய் பேச முடியாமல் போனாலும் அந்த எண் பேசும்.